மஞ்சள் பூசிய நிலை, தலைப்பு 4418

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. கொக்குவிலில் என் அடுத்த வளவில் உதயகலா வீடு கட்டுகிறாள். சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. கூரைக்கான மரம் கொழும்பில் சுங்கத்தின் பிடியில் கிடக்கிறது. இப்போது இருக்கும் வாடகை வீட்டுக்காரர் மாரிக்கு முன் எழும்பச் சொல்லிவிட்டார், மகனுக்குக் கலியாணமாம். மழை தொடங்கினால் அவளும் மகளும் எங்கே போய் இருப்பார்கள்? கதை இவ்வளவுதான்.

இதைச் சொன்னபோது இலக்கிய நண்பர் ஒருவர், "மரத்துக்குச் சுங்கத் தலைப்பு என்ன எண்டதெல்லாம் ஒரு கதையே?" என்று கேட்டார். அவர் பல வருடமாக நிலவைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பவர். அந்த எரிச்சல்.

2

முதல் தொடக்கம்: "பனி படர்ந்த கனேடியக் காட்டில் ஓர் ஊசியிலை மரம் தன் கடைசி…"

[விட்டுவிட்டேன். நான் கனடாவைப் பார்த்தது கலண்டரில்.]

இரண்டாம் தொடக்கம்: "அந்தச் சுங்க அதிகாரி கொடியவர். அவருடைய மீசை…"

[இதையும் விட்டேன். காரணம் பிறகு.]

நேராகவே சொல்கிறேன். உதயகலாவின் அண்ணன் பஞ்சலிங்கத்துக்கு ரொறன்ரோப் பக்கம் மரம் அறுத்து விற்கும் ஒரு மரக்காலையில் வேலை. அங்கே எல்லாரும் பைன் மரத்தில் வீடு கட்டுகிறார்கள், ஆகவே கொக்குவிலுக்கும் பைன்தான் என்று தீர்மானித்துவிட்டார். எங்கள் ஊர்க் கறையானிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

"உங்கை இருக்கிறது மரமே? எல்லாம் கோணல். நான் நேரானதை அனுப்புறன்" என்றார் தொலைபேசியில். தங்கை சரி என்றாள். சுவர் எழும்பியதும் அவர் உழைப்பில்தான்.

3

பலகையை மட்டும் அனுப்பியிருந்தால் நான் இந்நேரம் நித்திரை கொண்டிருப்பேன். ஆனால் பஞ்சலிங்கம் சைவர். குளிர் நாட்டுக்குப் போன பிறகு இன்னும் கொஞ்சம் கூடிய சைவர். வாசல் நிலை வைப்பது வீட்டுக்கு மூத்த ஆண்பிள்ளை கைவைக்கவேண்டிய காரியம் என்பது அவர் கட்சி. வர லீவு கிடைக்கவில்லை. தங்கையிடம் விடவும் மனமில்லை.

என்ன செய்தார் தெரியுமா? தன் கராஜுக்குள் அதே பைன் பலகையில் நிலை இழைத்து, துளைபோட்டுப் பொருத்தி, நிமிர்த்தி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஐயரை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் பூசை செய்தார். சுபநேரம் கொக்குவிலுக்கா கராஜுக்கா என்று ஐயரும் கேட்கவில்லை. பிறகு நிலையைக் கழற்றிப் பலகைக் கட்டின் மேல் வைத்து, மொத்தத்தையும் 'அறுத்த மரம்' என்று பதிந்து கப்பலேற்றிவிட்டார்.

4

கொழும்பில் சுங்கக்காரர் கப்பல் பெட்டியைத் திறந்தால் முதலில் தெரிந்தது மஞ்சள்.

இப்போது ஒரு சின்னப் பாடம். கொட்டாவி விடுகிறவர்கள் நிலவுக் கவிதைக்குப் போகலாம். ஆறு மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாக, நீளவாக்கில் அறுத்த மரம் சுங்கப் பட்டியலில் தலைப்பு 4407. சும்மா இழைத்தாலும் அதுதான். கதவு நிலையோ 4418. கழற்றி வைத்தாலும் நிலை நிலைதான்.* ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அனுப்பினால் பொய்ப் பத்திரம், முழுப் பெட்டியும் நிற்கும்.

[* எங்கள் விமர்சகர்கள் இந்த விதியைப் படிக்கவேண்டும். கழற்றிப் போட்ட கதையையும் கதையென்று ஒத்துக்கொள்ளும் அளவுக்குச் சுங்கத்துக்கு அறிவிருக்கிறது.]

ஆக, அதிகாரி செய்தது சரி. அதனால்தான் அவரைக் கொடியவராக்க முடியவில்லை. மீசையையும் எடுத்துவிட்டேன்.

பொருட்களைச் சுங்கத்திலிருந்து மீட்டுக் கொடுக்கும் முகவர் கிறிஸ்ரோபர் வழி சொன்னார்: "அக்கா, நிலை வேண்டாமெண்டு எழுதிக் குடுங்கோ. அதை அவங்கள் அழிச்சுப்போடுவாங்கள். தண்டத்தோடை மிச்சப் பலகை வந்திடும். வழக்காடப் போனியளெண்டால் மாரி முடிஞ்சுதான்."

உதயகலா அண்ணனுக்குப் போன் எடுத்துக் கேட்டாள். "பூசை செய்த நிலையை அழிக்கிறதோ? அப்பிடிச் செய்தியெண்டால் நான் உன்ரை வாசல் மிதிக்கமாட்டன். மழைதானே, பொறு" என்றார். சொன்னவர் ஹீற்றர் போட்ட வீட்டில் இருந்தார்.

5

முடிவு அ: அதிகாரி மனமிரங்கி… [சிறுவர் பக்கத்துக்கு அனுப்பலாம்.]

முடிவு ஆ: மழையில் நனைந்து மகளுக்குக் காய்ச்சல் கண்டு, அந்தப் பிள்ளை… [பரிசு நிச்சயம். ஆனால் அவள் நேற்றும் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் ரியூஷனுக்குப் போனாள். பரிசுக்காக அவளைக் கொல்ல மாட்டேன்.]

நடந்தது இது. உதயகலா என்னிடமே பேனை வாங்கி, நிலை வேண்டாமென்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"அண்ணரிட்டைச் சொல்லேல்லையோ?" என்றேன்.

"சொன்னால் விடுவாரே? அவருக்கு அங்கை பூசை முடிஞ்சுது. எனக்கு இஞ்சை மழை பெய்யப்போகுது."

பலகை வந்தது. கூரை ஏறியது. வாசலுக்கு வேம்பில் ஒரு நிலை செய்வித்து, அவளே மஞ்சள் பூசினாள். வானம் இடிந்து விழவில்லை.

6

இங்கே முடித்திருக்கலாம். இன்று காலை நல்ல மழை. அந்தக் கூரையின் கீழ் இருந்து இதுவரை எழுதியதை உதயகலாவுக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணனைக் கிண்டலடித்த இடங்களில் வாய்விட்டுச் சிரித்தாள். அப்போது அவளுடைய போன் அடித்தது. வீடியோ அழைப்பு.

"கூரை வந்திட்டுதாம். என்ரை நிலையைக் காட்டு பாப்பம்" என்றார் பஞ்சலிங்கம். சுங்கம் விட்டுக்கொடுத்துப் பலகையோடு நிலையும் வந்துவிட்டதென்று நினைத்திருக்கிறார்.

அவள் போனை வாசலுக்குத் திருப்பினாள். மஞ்சளைப் பார்த்ததும் அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் வராட்டிலும் என்ரை கை உங்கை வாசலிலை நிக்குது, கண்டியோ" என்றார். எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. நான் எழுதிய பகிடியெல்லாம் கையில் வெறும் காகிதமாக இருந்தது.

"இடது பக்கம் கீழை கிட்டக் காட்டு. உனக்குச் சொல்லேல்லை. அம்மாவின்ரை பேரை அதிலை வெட்டினனான். இரத்தினம்மா எண்டு. தெரியுதே?"

உதயகலாவின் வேம்பு நிலையில் அப்படி ஒரு எழுத்தும் இல்லை. போனைத் தன் நெஞ்சோடு அமத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணை, நீங்கள்தானே கதை எழுதுற ஆள். இந்தாங்கோ, நீங்கள் கதையுங்கோ" என்று போனை என் கையில் திணித்தாள்.

வாசகரே, நீங்களும் அவளோடு சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்தீர்கள். இந்தாருங்கள், பிடியுங்கள். ஆள் லைனில் நிற்கிறார்.