செம்பருத்திப் பிரசாதம்

...இல்லை, சாத்திவிட்டுத்தான் வந்தேன், கொக்கியை அழுத்திப் போட்டது இன்னும் விரலில் இருக்கிறது, அப்புறம் எப்படி இரண்டாம் மாடியில் எங்கள் படுக்கையறை ஜன்னல் இப்படி ஆவென்று திறந்து கிடக்கிறது... மரத்தடியில் ஈரம் என்று இன்றைக்குச் சிரிப்புச் சங்கத்து வட்டத்தை இந்தப் பக்கம் நகர்த்தினார்கள், இல்லாவிட்டால் என் கண்ணில் பட்டே இருக்காது. கையைத் தூக்குங்க, மூச்சை இழுங்க என்கிறார் சங்கத்தை நடத்துகிற சிதோரே அண்ணா, தூக்குகிறேன், எல்லாரோடும் சேர்ந்து கைதட்டி ஹோ ஹோ ஹா ஹா என்கிறேன், கண் மட்டும் பூங்கா மதிலுக்கு அந்தப் பக்கம். இந்தக் கோத்ரூட் வட்டாரத்தில் எத்தனையோ வீடு பார்த்தோம், பூங்காவைப் பார்த்த வீடுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் என் வீட்டுக்காரர், நல்ல காற்று வரும் குமுத் என்றார், காற்று மட்டுமா வருகிறது, சத்தமும் அல்லவா போகிறது, அதுவும் என் சத்தம்... நான் சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும், கல்யாணமான புதிதில் என் மாமியார், இது என்ன சிரிப்பா குக்கர் விசிலா என்று கேட்டார், இவர் மட்டும் என் பின்னாலேயே அடுக்களைக்கு வந்து, இன்னொரு தடவை சிரியேன் என்றார். அந்த மனுஷர் போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்க் கட்டிலில் கிடக்கிறார், நான் இங்கே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். வெட்கமாக இல்லையா குமுதினி? இருக்கிறது. இருந்தும் வருகிறாயே? வருகிறேன்...

டாக்டரம்மாதான் ஆரம்பித்து வைத்தாள், அவருக்கு மாத்திரை எழுதிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்து, "கடைசியா எப்பம்மா சிரிச்சீங்க?" என்றாள், நான் யோசித்தேன், யோசித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை, "தினம் கொஞ்ச நேரம் நடங்க, நாலு பேரோட பேசுங்க, சிரிங்க, இல்லேன்னா அடுத்த கட்டில் உங்களுக்குத்தான்" என்றாள். சரி, ஆனால் வீட்டில் எப்படிச் சொல்வது, நீங்கள் படுத்திருங்கள், நான் போய்ச் சிரித்துவிட்டு வருகிறேன் என்றா? எந்த வாயால் சொல்வது? கணபதி கோயிலுக்குப் போகிறேன் என்றேன், வெறும் கையோடு திரும்பினால் நன்றாக இருக்காதே என்று பூங்கா வேலியில் இருந்த செம்பருத்தி ஒன்றைப் பறித்துக்கொண்டுபோய், சாமி காலடியில் வெச்சதுங்க என்று நீட்டினேன், அவர் இடது கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கே நாக்கு அறுந்து விழுந்திருக்க வேண்டும், விழவில்லை, மறுநாள் ஆரத்தி என்றது, அதற்கடுத்த நாள் கூட்டம் என்றது... பொய்யையாவது மன்னிக்கலாம். முதலில் எல்லாம் வாயால்தான் சிரித்தேன், அண்ணா லஸ்ஸிச் சிரிப்பு சொல்லிக்கொடுத்த அன்று, கையில் இல்லாத தம்ளரிலிருந்து இல்லாத லஸ்ஸியை ஆற்றி, அதைத் தன் சட்டையில் சிந்திக்கொண்டு, ஐயோ மனைவி திட்டுவாளே என்று துடைத்தாரே, அன்று நிஜமாகவே வந்துவிட்டது, வயிறு வலிக்க, கண்ணில் தண்ணீர் கொட்ட, அப்படி ஒரு சிரிப்பு. நின்ற பிறகுதான் உறைத்தது, அவ்வளவு நேரமும் எனக்கு அப்படி ஒரு கணவர் இருப்பதே ஞாபகம் இல்லை. வீட்டுக்கு ஓடி, வெந்நீரில் துணியை நனைத்து அவர் முதுகை அழுத்தி அழுத்தித் துடைத்தேன், அவர் முகம் சுளித்த பிறகுதான் தோல் சிவந்திருந்ததைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து தூசி வருகிறது என்று சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டு வர ஆரம்பித்தேன்.

"என்ன வஹினி, இன்னிக்கு சிரிப்புக்கு ரேஷனா? உதட்டோட நிக்குதே, வயித்துக்குக் கொஞ்சம் இறக்குங்க!" என்கிறார் அண்ணா, அவருக்கு நாங்கள் எல்லாருமே வஹினி, அண்ணி, எல்லாரும் அதற்கும் சிரிக்கிறார்கள், நான் முழங்கால் வலி என்று முணுமுணுத்துவிட்டு நழுவுகிறேன். வேலியோரம் கை தானாக நீள்கிறது, பறிக்காதே, இன்றைக்காவது பறிக்காதே... பறித்தாயிற்று. படியேறும்போதுகூட அவர் கேட்டிருக்க மாட்டார் என்றே நினைத்துக்கொள்கிறேன், அத்தனை பேர் கத்தலில் ஒருத்தியுடைய சிரிப்பு எப்படித் தனியாகத் தெரியும், தூங்கியிருப்பார், புழுக்கத்துக்கு ரஞ்சனா திறந்திருப்பாள், அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண்ணுக்கு எப்போதும் புழுக்கம்தான்.

"அய்யய்யோ மௌஷி, அதுக்குள்ள வந்துட்டீங்களா? கோயில்ல கூட்டமே இல்லியா?" என்று கதவைத் திறந்தவள் ஜன்னலைச் சாத்த ஓடுகிறாள். ஏன் திறந்தாய் என்கிறேன். "நானா தொறந்தேன்? நீங்க கீழ இறங்கினா போதும், பாபா அதையே காட்டிக்கிட்டு இருப்பாரு. தொறந்து விடுவேன். அந்தப் பார்க்குல பைத்தியக்காரக் கூட்டம் ஒண்ணு ஹா ஹான்னு கத்துமே, அது ஓயற வரைக்கும் கேப்பாரு, ஓஞ்சதும் சாத்தச் சொல்வாரு." தினமுமா? "தினமும்தான் மௌஷி. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு வாயில வெரல வெச்சுக் காட்டுவாரு..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள், "அடப்பாவமே, சொல்லிட்டேனா?"

தினமுமா... அப்படியென்றால் ஒவ்வொரு பூவையும் தெரிந்தேதான் வாங்கினாரா, சாமி காலடியில் வைத்தது என்று நான் வாய் கூசாமல் சொன்னபோதெல்லாம் தெரிந்தேதான் கண்ணில் ஒற்றிக்கொண்டாரா, எனக்காகவா அந்த நடிப்பு, படுத்த படுக்கையில் இருப்பவரையும் நடிக்க வைத்துவிட்டேனா? எதைக் கேட்டார், நான் சிரிப்பதையா, தன்னை மறந்துவிட்டுச் சிரிப்பதையா... இரண்டும் ஒரே சத்தம்தானே. உடம்பெல்லாம் கூசுகிறது, வாசலோடு திரும்பிப் போய்விடலாமா என்றிருக்கிறது, ஆனால் அவர் வழக்கம்போல இடது கையை நீட்டிவிட்டார். பூவை வைக்கிறேன், சாமி என்கிற வார்த்தை இன்றைக்கு வாயில் வரவில்லை. அவர் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. காம்பைப் பிடித்து ஒருமுறை திருப்பிப் பார்த்தார், பிறகு என் பக்கமாகவே உயர்த்தினார், என் கைக்கு நேராக அல்ல, அதற்கும் மேலே, எட்டாமல்... உன் பொய்யை நீயே வைத்துக்கொள் என்று திருப்பித் தருகிறாரா, இல்லை, அந்தக் காலத்தில் வைத்ததுபோல என் கொண்டையில் வைக்கப் பார்க்கிறாரா? கொஞ்சம் குனிந்தால் போதும், எது என்று தெரிந்துவிடும். கழுத்து வளைய மாட்டேன் என்கிறது.