மனுதாரர் பந்து வீச மறுத்தது

கோவேறு கழுதை ஒன்றைத் திருடியதாக லெமுவல் டாக்கட்டுக்குப் பத்து ஆண்டு போட்டார்கள். திருட்டு நடந்த அன்று, குடித்துவிட்டுத் தெருவில் பாடியதற்காக அவன் பக்கத்து மாவட்டத்து லாக்கப்பில் கிடந்தான். அதைச் சொல்லவேண்டிய வக்கீல் வழக்கு முடியும்வரை தூங்கினார். ஓக்லஹோமா வெயில் அப்படி.

உள்ளேயிருந்து ஆறு வருஷம் ஆட்கொணர்வு மனு எழுதினான். கையெழுத்து இல்லையென்று ஒன்று திரும்பி வந்தது. இரண்டு கையெழுத்து இருக்கிறதென்று இன்னொன்று. ஏழாவது மனுவில்தான், அவனுக்குத் தண்டனை கொடுத்த அதே நீதிபதி ஹோப்வெல், ஆளை நேரில் நிறுத்துங்கள், கேட்போம் என்று நாள் குறித்தார்.

அன்றைக்கென்று சிறைகளுக்கிடையே பேஸ்பால் போட்டி. லெமுவல் வீசும் பந்தைக் கண்ணால் பார்த்தவர் கிடையாது. சத்தம் கேட்டவர்கள் உண்டு. சிறை அதிகாரி ப்ரூவர் யோசித்தார். மனுதாரர் எழுந்து நடக்க முடியாமல் படுத்திருக்கிறார் என்று கோர்ட்டுக்கு எழுதினார். லெமுவலிடமோ, நீதிபதிதான் படுத்த படுக்கை, இன்று விசாரணை இல்லை என்று சொன்னார். ஹோப்வெல் வருத்தம் தெரிவித்து, வழக்கை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, ஆட்டத்துக்கு நேரமாகிறதென்று காரை எடுத்தார்.

இன்னும் மூன்று பந்து போட்டால் வெற்றி. அப்போதுதான் முதல் வரிசையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவரை லெமுவல் பார்த்தான். பந்தோடு வேலியருகே போனான்.

"உடம்பு தேவலையா, ஐயா?"

"நீதான் நடக்கவே முடியாம கெடக்கியாமே?"

"நடந்துதான் வந்தேன். நான் சொல்றதக் கேளுங்க, அப்புறம் வீசறேன்."

"கோர்ட்டு அங்க இருக்குப்பா. நான் கடல திங்க வந்தவன்."

"அங்க என்னக் கொண்டுவர மாட்டாங்க. இங்க ரெண்டு பேரும் இருக்கமே."

ப்ரூவர் கெஞ்சினார், மிரட்டினார். லெமுவல் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். இரண்டாயிரம் பேர் காத்திருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "கேட்டுத் தொலைங்கய்யா, பொழுது சாயுது" என்றார்.

நீதிபதி கேட்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கத்து மாவட்ட ஷெரீப் மூன்றாம் வரிசையிலேயே இருந்தார். எழுந்து, "ஆமா, அன்னிக்கு எங்கிட்டதான் இருந்தான். கர்ணகொடூரமாப் பாடுவான்" என்று சாட்சி சொன்னார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அரசு வக்கீலுக்கும் ஆட்டம் முடிந்தால் போதும். ஆட்சேபம் இல்லை என்றார்.

சிறைவாசம் சட்டவிரோதம் என்று ஹோப்வெல் கடலைப் பொட்டலத்தின் மேலேயே எழுதினார். உடனே விடுதலை செய்க என்று எழுதப்போன பேனா நின்றது. இறுதி ஆட்டம் எப்போது என்று ப்ரூவரைக் கேட்டார். செப்டம்பர் முப்பது என்றார் ப்ரூவர். அன்று ஆட்டம் முடிந்ததும் விடுதலை என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார்.

லெமுவல் இரண்டு முறை படித்தான்.

"மழ பெஞ்சு ஆட்டம் தள்ளிப்போச்சுன்னா, ஐயா?"

"அதுக்குத் தனியா ஒரு மனு போடு" என்றார் நீதிபதி. "இப்பப் போய் வீசு."