மதிலைச் சுற்றிப் போன குழாய்

பழைய மதிலுக்குப் பக்கத்தில் யார் பள்ளம் தோண்டினாலும் தொல்லியல் துறையிலிருந்து ஒருவர் நின்று பார்க்க வேண்டும். எட்டு வருஷமாக அந்த ஒருவர் நான். மண்ணை வேடிக்கை பார்க்கச் சம்பளமா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

இந்த முறை குடிநீர்க் குழாய் மாற்றும் வேலை. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய குழாயைப் பதித்தவர் என் அப்பா.

சின்ன வயதில் சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்து இந்தத் தெருவுக்குக் கூட்டி வருவார். மதிலோரம் நிறுத்திக் குதிகாலால் தரையைத் தட்டுவார். "இதுக்குக் கீழ அப்பா போட்ட பைப் வளைஞ்சு போகுது. அஸ்திவாரத்துல ஒரு கல்லைக்கூடத் தொடலை." நான் குப்புறப் படுத்துத் தரையில் காதை வைப்பேன். தண்ணீர் ஓடுவது கேட்டதாகவே நினைத்துக்கொள்வேன். அவ்வளவு சந்தோஷமான ஞாயிற்றுக்கிழமைகள் அப்புறம் எனக்கு வாய்க்கவில்லை. மதிலைக் காப்பாற்றியவர் என்று நகரசபை அவருக்குக் கொடுத்த பாராட்டிதழ் இன்னும் கூடத்தில் தொங்குகிறது. நான் இந்த வேலைக்கு வந்ததே அந்த வளைவால்தான்.

மூன்றாம் நாள் காலை. பள்ளம் தோண்டும் இயந்திரக்காரர் பல்லில்லாத வாளியால் மண்ணை மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தார். பல் வைத்த வாளி கல்லைக் கீறிவிடும் என்று நான் விடமாட்டேன். அதனால் எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் பொக்கைவாய் மேடம்.

"மேடம், கல்லும் பைப்பும் ஒரே இடத்துல வருது."

"இருக்காது. பைப் சுத்திப் போகும்."

"வந்து பாருங்க. நேராதான் போகுது."

இறங்கிக் கரணையால் மண்ணை வழித்தேன். அஸ்திவாரக் கற்களை உடைத்துக்கொண்டு குழாய் நேராகப் போயிருந்தது. வேறு யாராவது பிறகு மாற்றியிருப்பார்கள் என்று மனசு சாக்குத் தேடியது. இரண்டு குழாய்கள் இணையும் மூட்டைத் துடைத்தேன். அதை அடைத்திருந்த ஈயத்தில் வரிசையாக மூன்று உளிப்புள்ளிகள். தான் போடும் ஒவ்வொரு மூட்டிலும் அப்பா வைக்கும் அடையாளம் அது. அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"எப்போ உடைஞ்சதுன்னு தெரியலைன்னு எழுதிடுங்களேன்" என்றார் இயந்திரக்காரர். என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

அப்படி எழுதியிருக்கலாம். பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் எழுதினேன்: 'நான்கு கற்கள் உடைக்கப்பட்டுள்ளன. முந்தைய குடிநீர்க் குழாய்ப் பணியின்போது.' முந்தைய பணி என்றால் அது அப்பாதான் என்று ஊருக்கே தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், தட்டில் போட்டது போட்டபடி இருக்க, அப்பா உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று அம்மா புலம்பியதற்கு இப்போதுதான் காரணம் புரிந்தது.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்பா."

"வளைவுக்கு வேண்டிய துண்டு வந்து சேரலை. அன்னிக்கே தண்ணி விடணும்னு நெருக்கினாங்க." சுவரைப் பார்த்தே பேசினார். "அப்புறம் உன்கிட்ட சொல்ல வாய் வரலை."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எத்தனை கல்லுன்னு போட்டே?"

"நாலு."

"அஞ்சும்மா" என்றார். "ஒண்ணு வெளிப்பக்கமா உருண்டு விழுந்துச்சு. அதுமேலயே மண்ணைத் தள்ளி மூடிட்டேன். பைப்புக்கு இடது பக்கம், ரெண்டு முழம் தள்ளி இருக்கும். நாளைக்கு மூடறதுக்குள்ள தோண்டிப் பார்த்து, திருத்தி எழுதிடு."