பெஸ்டெஃபாரின் மூன்று ஆசு

என் புருஷன் தக்சனுக்கு வாய் கொஞ்சம் நீளம். பஸ் ஓட்டிவிட்டு வந்து கணினிக்கு முன்னால் இருந்தால் அது இன்னும் நீளும். அது 2006. ஒஸ்லோவில் இருந்த பாதி இளந்தாரிகளைப் போல அவரையும் இணையப் போக்கர் பிடித்திருந்தது. மற்றவர்கள் தோற்றுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். இவர் வென்றார். அதுதான் வினை.

ஒரு ஞாயிறு ரொம்சோஸில் அம்மா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மேசையிலேயே தக்சன் என் அப்பாவுக்குப் போக்கர் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். கையில் நல்ல சீட்டு ஒன்றும் இல்லாமல் எப்போது மிரட்ட வேண்டும் என்பதுதான் பாடம். எதையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற முட்டாளிடம் மிரட்டக்கூடாதாம். யோசித்துப் பயப்படுகிறவனிடம்தான் மிரட்ட வேண்டுமாம். நடுவில் ஒரே இனத்தில் மூன்று சீட்டு விழுந்தால், மிச்ச இரண்டும் தன் கையில் இருப்பதாகக் காட்டிக்கொண்டு வந்து, கடைசியில் இருக்கிற காசு முழுவதையும் தள்ளிவிட வேண்டுமாம்.

"பெஸ்டெஃபார் எண்டு ஒரு நொஸ்க் கிழவன் ஒவ்வொரு நாளும் என்ரை மேசைக்கு வாறவன், மாமா. சரியான பயந்தாங்கொள்ளி. நான் காசைத் தள்ளினா உடனை சீட்டைக் கீழை போட்டிட்டு விலகிடுவான்."

நொஸ்க் என்றால் நோர்வேக்காரன்; பெஸ்டெஃபார் என்றால் அவர்கள் மொழியில் தாத்தா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் சிரித்துக்கொண்டு மருமகனுடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீன் போட்டார். அப்பா மருமகனை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அவர் வந்தால் சோபாவிலிருந்து எழும்பி நிற்பார். கரம் பலகையில் விளையாடினால்கூடத் தோற்றுத்தான் எழும்புவார்.

அந்தக் கிழவனை வென்ற தைரியத்தில் தக்சன் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வருகிற திங்கள் விட்டு அடுத்த திங்கள் பஸ் வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு, முழுநேரமும் போக்கர். எனக்கு அப்போது ஆறாம் மாதம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வெல்லுகிற மனுசனிடம் என்னவென்று சொல்வது?

அடுத்த ஞாயிறு பின்னேரம் நான் மட்டும் அம்மாவிடம் போனேன். தக்சன் மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தார். தேத்தண்ணிக்கு அப்பாவைக் கூப்பிட அறைக்குள் போனால், அவர் மூக்குக்கண்ணாடியோடு கணினிக்கு முன்னால் இருக்கிறார். திரையில் பச்சை மேசை. ஒரு பக்கம் 'ஒஸ்லோகிங்', தக்சன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிற பட்டப்பெயர். மறுபக்கம் பெஸ்டெஃபார்.

அப்பா களவு பிடிபட்டவர் போல எழும்பப் பார்த்தார். மருமகன் எந்த நேரமும் இருக்கிற விளையாட்டு எப்படிப்பட்டது என்று பார்க்கத்தான் பழகினாராம். பேரப்பிள்ளை வரப்போகிற சந்தோசத்தில் அந்தப் பெயரை வைத்தாராம்.

அப்பாவின் கையில் இரண்டு ஆசு, அதுதான் ஏஸ் சீட்டு, இருந்தன. நடுவில் இன்னொரு ஆசு, அதோடு மூன்று ஆடுத்தன், சிவப்பு இதயச் சீட்டுகள்; இன்னும் இரண்டு ஒருவர் கையில் இருந்தால் அது மூன்று ஆசுகளையும் வெல்லும். தக்சன் பாடத்தில் சொன்னபடியே முழுவதையும் தள்ளியிருந்தார். அப்பா சீட்டைப் போட்டுவிடப் போனார்.

"ஏன் போடுறியள்? உங்களிட்டை மூண்டு ஆசெல்லோ."

"அவரிட்டை ஒண்டுமில்லைப் பிள்ளை. ஒண்டுமில்லாத நேரம்தான் உப்பிடிக் கெதியாத் தள்ளுவார்."

"தெரிஞ்சுகொண்டோ?"

"மருமகனை எப்பிடி மடக்கிறது? மனம் வருகுதில்லை."

இந்த மனுசனைத்தான் அவருடைய மேசையிலேயே வைத்துப் பயந்தாங்கொள்ளி என்றோம். வெட்கத்தில் எனக்கு முகம் கொதித்தது. நாளைக்குத் தக்சன் வேலையை விடப் போகிறார் என்று சொன்னேன். அப்பாவின் கை அப்படியே நின்றது. ஆனாலும் எதிர்த்துக் காசு கட்டுகிற பொத்தானை அமத்த அவரால் முடியவில்லை. திரையில் நேரம் முடிந்துகொண்டிருந்தது. நான் அவர் கையை விலக்கிவிட்டு அமத்தினேன்.

தக்சனின் சீட்டுகள் திரும்பின. பேருக்கு ஒரு ஆடுத்தன்கூட இல்லை. காசெல்லாம் அப்பா பக்கம் வந்து சேர்ந்தது. வென்ற மனுசன் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்.

சற்று நேரத்தில் என் கைத்தொலைபேசி அடித்தது. எப்போது வருகிறாய் என்று தக்சன் கேட்டார். விளையாட்டு எப்படி என்று நான் கேட்டேன்.

"இண்டைக்கும் கிழவனை மேசையை விட்டுக் கலைச்சுப்போட்டன்."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பச்சைப் பொய். வீட்டில் எனக்கும் எத்தனை தரம் இப்படித் தள்ளியிருப்பார்? நானும் ஒவ்வொரு தரமும் நம்பிச் சீட்டைப் போட்டிருக்கிறேன்.

"பெஸ்டெஃபார் என்ரை அப்பா," என்றேன். "இப்ப அமத்தினது நான். இவ்வளவு நாளும் அவர் தெரிஞ்சுகொண்டுதான் விட்டுக்குடுத்தவர்."

மாமா பக்கத்தில் நிற்கிறாரா என்று தக்சன் சின்னக் குரலில் கேட்டார். ஓம் என்றேன்.

"அவரிட்டைக் குடுக்காதை. நான் எந்த முகத்தோடை கதைக்கிறது?"

அதற்குள் அப்பா தொலைபேசியை வாங்கிவிட்டார்.

"தம்பி, கை தவறி அமத்திப்போட்டன். குறை நினைக்காதையுங்கோ."

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. தக்சன் அழுவது தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

திங்கள் விடியவே தக்சன் பஸ் எடுக்கப் போய்விட்டார். அதற்கு அடுத்து வந்த ஞாயிறு ரொம்சோஸுக்கு வரமாட்டேன் என்றவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கதவு திறந்ததும் அப்பா வழக்கம்போல சோபாவிலிருந்து எழும்பினார். தக்சன் வாசலில் சப்பாத்துக் கழற்றக் குனிந்தவர், கழற்றி முடிந்த பிறகும் நிமிரவில்லை.