துண்டில் தங்கிய குற்றம்

அந்த ஊரில் குற்றம் ஆளிடம் இருப்பதில்லை. ஆள் தோளில் போட்டிருக்கும் கட்சித் துண்டில் இருக்கும். ஒருவர் கட்சி மாறும்போது மேடையில் பழைய துண்டை உருவிப் போட்டுவிட்டுப் புதிய கரைத் துண்டைப் போர்த்துவார்கள். பழைய துண்டோடு குற்றமும் கீழே விழும். நீதிமன்றச் சேவகர் மேடைக்கு அடியில் காத்திருந்து அதை எடுத்துப்போய்ச் சிறையில் அடைப்பார். மாவட்டச் சிறையில் ஆட்களைவிடத் துண்டுகள் அதிகம். அவற்றை வாரம் ஒரு முறை வெயிலில் காயப்போடுவார்கள். சட்டம் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

வழக்கறிஞர் கோமதிநாயகம் எந்தத் துண்டும் போடாதவர். வாலிபத்தில் பல போராட்டங்களில் முன்வரிசையில் நின்றவர். துண்டு இல்லாததால், விழுந்த லத்தியடியை எல்லாம் தன் முதுகிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கொள்கைக்காரனுக்கு உடம்பு, தலைவனுக்குத் துண்டு. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதை இப்படித்தான் பங்கு பிரித்திருக்கிறார்கள் என்பார் அவர்.

திருமலைக்கொழுந்து என்ற தலைவர் பொட்டல்குளத்தைப் பட்டா போட்டு விற்றிருந்தார். குளம் தண்ணீரோடும் கரையோடும் காணாமல் போயிருந்தது. எதிர்க்கட்சி அவரைக் குளத்திருடன் என்று சுவர் சுவராக எழுதியது. ஆட்சியைப் பிடித்ததும் அதே சுவர்களில் வருக வருக என்று எழுதித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது.

சேர்ப்பு விழாவில் பழைய துண்டு நழுவியபோது, கீழே நின்ற தொண்டர் ஊய்க்காட்டான் சேவகரை முந்திக்கொண்டு தாவிப் பிடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். முப்பது வருடம் கோஷம் போட்டவருக்குத் தலைவரிடமிருந்து கைக்கு வந்த முதல் பொருள் அது. விழா முடிவதற்குள் குளம் திருடியதற்காகக் கைதானார். காவலர்கள் மிகுந்த மரியாதையோடு அழைத்துப்போனார்கள். இவ்வளவு பெரிய திருடனை அவர்கள் அதுவரை தொட்டதில்லை.

ஏழு வருடம் உள்ளே இருக்க வேண்டிய வழக்கு. துண்டை ஒப்படைத்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

"வே, கழத்திப் போடும். அது உள்ள போகட்டும், நீரு வீடு போயிச் சேரும்" என்றார் அவருக்காக வாதாட வந்த கோமதிநாயகம்.

"அதெப்படி அண்ணாச்சி? அண்ணன் வேர்வை இதுல கெடக்கு."

"குளமும்லா கெடக்கு. ஒம்ம வயலு எங்கேருந்துவே பாய்ஞ்சுது?"

"அந்தக் குளத்துலதான்." ஊய்க்காட்டான் சற்று யோசித்தார். "கட்சி வேற, வயலு வேற அண்ணாச்சி."

ஒரே வழிதான் இருந்தது. தலைவர் வந்து தன் வாயால் கேட்டால் ஊய்க்காட்டான் துண்டைக் கொடுத்துவிடுவார். கோமதிநாயகம் தலைவரைச் சாட்சியாக அழைத்தார். புதிய துண்டோடு திருமலைக்கொழுந்து உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நீதிபதியும் எழுந்தார், பிறகு நினைவு வந்து உட்கார்ந்தார்.

"கூண்டுல நிக்கிறவரைத் தெரியுமா?"

"பார்த்த மாதிரி இல்லையே."

"முப்பது வருசமா உங்க வண்டிக்கு முன்னால ஓடினவர்."

"முன்னால ஓடுறவங்களுக்கு முதுகுதானே தெரியும், வக்கீல் சார்." நீதித்துறை மீது தமக்கு முழு நம்பிக்கை உண்டு என்றும் சொல்லிவிட்டுத் தலைவர் இறங்கினார்.

ஊய்க்காட்டான் உடனே திரும்பி முதுகைக் காட்டி நின்றார். வெகுநேரம் அப்படியே நின்றார். தலைவரின் கார் அதற்குள் வளாகத்தைத் தாண்டியிருந்தது. யாரோ சொன்ன பிறகுதான் அவர் திரும்பினார். துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

"நீதிமன்றத்தில் ஈரத்துணி கூடாது. பிழிந்துவிடுங்கள்" என்றார் நீதிபதி.

ஊய்க்காட்டான் பிழிந்தார். முதலில் கண்ணீர் வந்தது. அப்புறம் கலங்கல் தண்ணீர் வந்தது. அது நிற்கவில்லை. கெண்டையும் அயிரையும் விழுந்தன. ஆம்பல் கொடி ஒன்று நீளமாக இறங்கியது. அரசு வழக்கறிஞரின் நாற்காலிக்குப் பின்னால் நீர்க்கோழி ஒன்று நீந்திப் போனது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியதும் நீதிபதி கால்களைத் தூக்கி நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டு தீர்ப்பை வாசித்தார். களவு போன சொத்து கிடைத்துவிட்டது, துண்டில் இனி ஒன்றும் இல்லை, கூண்டில் நிற்கும் எதிரி விடுதலை. ஆனால் குளம் வழக்குச் சொத்து. மேல்முறையீடு முடியும்வரை இந்த அறையிலேயே இருக்க வேண்டும். யாரும் ஒரு குடம்கூட மொள்ளக் கூடாது.

ஊய்க்காட்டான் துண்டை முகர்ந்து பார்த்தார்.

"அண்ணன் வாசம் போயிட்டு அண்ணாச்சி. பாசி வாசம்லா அடிக்கி." பிறகு மெல்லக் கேட்டார். "தண்ணி எப்பம் வயலுக்கு வரும்?"

"ஒம்ம பேரன் காலத்துல கேட்டுப் பாப்போம்வே."

டவாலி அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். வாசலில் தோணி வந்து நின்றது. மூத்த வழக்கறிஞர் என்பதால் கோமதிநாயகத்துக்கு முன்பக்கம் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் கோட்டை மடியில் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.