தராசடியில் ஒரு கணக்கப்பிள்ளை

கணவன் மறுபடியும் கொழும்புக் கடை வேலைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் ஜீவராணி அந்தப் போத்தல் கொட்டகையையே தொடங்கினாள். லுணுகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் ஒரு காலத்தில் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் சென்ற, இப்போது பூட்டிக் கிடந்த பிள்ளைக் காம்பராவைக் கேட்டு வாங்கி, லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டாள். ஓடையில் கிடக்கும் பிளாஸ்டிக் போத்தல்களைச் சனங்கள் பொறுக்கி வந்தால் நிறுத்துக் காசு கொடுப்பார்கள். கழுவி, நசுக்கி, பதுளைக்கு லொறி ஏற்றுவார்கள்.

கழுவுவது கணவன் தினேஸுக்குக் கௌரவக் குறைச்சல். ஆகவே தராசடியில் நின்றான். நின்ற மறுநாளே சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு, சனத்தை வரிசையில் நிற்கச் சொன்னான். வந்தது மூன்று பேராக இருந்தாலும் வரிசைதான்.

அன்று மாலை, மலையிலிருந்து இறங்கிய கருப்பம்மா தன் மூட்டையைத் தராசில் வைத்தாள். முள் ஐந்தில் நின்றது.

"மூணு," என்றான் தினேஸ்.

கருப்பம்மா தலையாட்டிக்கொண்டு கையை நீட்டினாள். எடையில் வெட்டாமல் அவளுக்கு யாரும் எதையும் நிறுத்ததில்லை.

உள்ளே போத்தல் நசுக்கிக்கொண்டிருந்த ஜீவராணி எழுந்து வந்தாள்.

"ஏங்க, மிச்சம் ரெண்டு கிலோ எங்க?"

"மூட்டைக்கும் தண்ணிக்கும் வெட்டு."

"காஞ்ச போத்தல்ல ஏதுங்க தண்ணி?"

"கொழுந்து நிறுக்குற மடுவத்துல அப்படித்தானே வெட்டுறாங்க? ஒரு மொறை வேணாமா?"

"ஆமாங்க, கணக்கப்புள்ள ஐயா! கொழுந்துல வெட்டுறானேன்னு ஒங்கம்மா தெனம் மண்ண வாரித் தூத்துனாங்க. அவங்க பெத்த புள்ள குப்பையில வெட்டுது."

வரிசை சிரித்தது. தினேஸின் முகம் கறுத்தது.

"நா கொழும்புக்கே போறேன்."

இந்தச் சொல்லுக்குப் பயந்துதான் அவனுடைய வரிசையையும் மிடுக்கையும் அவள் பொறுத்திருந்தாள். கருப்பம்மா பதறினாள். "விட்டுரு தாயி, மூணாவே இருக்கட்டும்."

"சும்மா இருங்க பெரியம்மா." கணவனிடம் திரும்பினாள். "போங்க. இங்க வெட்ட முடியாது."

தராசைக் கருப்பம்மாவின் பக்கம் திருப்பினாள். "நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"அஞ்சு," என்றாள் கருப்பம்மா, எதையோ திருடிவிட்டவள் போல.

தினேஸ் படியேறி ரோட்டுக்குப் போனான். பதுளை பஸ் வந்து நின்றது, புறப்பட்டது. ஜீவராணி நிமிர்ந்து பார்க்கவில்லை. காது மட்டும் அங்கேயே இருந்தது.

சற்று நேரத்தில் போத்தல் கழுவும் தொட்டிப் பக்கம் தண்ணீர்ச் சத்தம். தினேஸ் குந்தியிருந்தான்.

"பஸ்ல எடமில்லையா ஐயா?" என்றாள் ஒருத்தி.

"இருந்துச்சு."

ஜீவராணி ஒரு மூட்டையை அவன் முன்னால் கவிழ்த்தாள். "லேபலை உரிச்சிட்டுக் கழுவுங்க. இதுகூடத் தெரியாம கொழும்புல என்னத்தக் கிழிச்சீங்க?"

கோபமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் பக்கத்திலேயே குந்திக்கொண்டாள்.