சக்களத்திக்குத் தண்ணி

மகள் ஈரத்துணியைப் பிழிந்து அப்பாவின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னாலிருந்த எண்ணெய்க் கறுப்பு, எவ்வளவு தேய்த்தும் போவேனா என்றது. விடியுமுன்பே, தூக்கத்திலேயே போய்விட்டார்.

கூடம் நிறையப் படகுக்காரர்கள். பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துவரும் பழைய இழுவைப் படகில் அப்பா எஞ்சின் பார்த்தவர். படகு ஓய்ந்தபோது அவரும் ஓய்வு பெற்றார், வீட்டில்தான் இருக்கவில்லை. உடைக்கவிருந்ததை, சனங்கள் வந்து பார்க்கும்படி நிறுத்திவைக்கலாமென்று நடையாய் நடந்து சம்மதம் வாங்கினார்கள் அவரும் கூட்டாளிகளும். அடுத்த வாரம் கரையேற்றி அடித்தகடு மாற்றப்போகிறார்கள். அதுவரை அது மிதந்தாக வேண்டும். உள்ளே ஊறும் தண்ணீரைத் தினமும் காலையில் இறைத்துவிட்டுத்தான் அவர் டீயே குடிப்பார்.

அம்மா அதில் கால் வைத்ததில்லை. அவள் அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. அவர் கை துடைக்கும் கந்தல்கூட வாசலுக்கு வெளியே ஆணியில்தான் தொங்கும்.

அப்பாவின் தலைமாட்டில் இருந்த அம்மா நிமிர்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எல்லாரும் இங்க வந்துட்டீங்களே. அங்க சக்களத்திக்கு யாரு தண்ணி எறச்சா?"

படகோட்டிய சாரங் மாமா பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். ஆளுக்கொரு ஆளை நம்பிக் கிளம்பி வந்திருந்தார்கள்.

"நல்லா இருக்கு. இவர எடுக்கறதுக்குள்ள அவ போய்ச் சேந்துடுவா," என்ற அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "நீ போடி. அவரோட போய்ப் பழகினவதான."

பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு பெண் வெளியே போவதா என்று அத்தை முணுமுணுத்தாள். அம்மா பார்த்த பார்வையில் அத்தோடு அடங்கினாள். மகள் ஆணியிலிருந்த கந்தலை உருவிக்கொண்டு சாரங் மாமாவோடு ஓடினாள்.

படகு ஒருபக்கமாகச் சாய்ந்து, அடியிலுள்ள சிவப்புப் பட்டை முழுக்கத் தண்ணீரில் இருந்தது. பம்பு இருமியதே தவிரத் தண்ணீரை இழுக்கவில்லை. குழாய் மூட்டின் இடுக்கில் காற்று புகுந்துகொண்டிருந்தது. அப்பா செய்வதுபோலக் கந்தலைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பம்பு இன்னும் இரண்டு இருமல் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கறுப்புத் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிவப்புப் பட்டை விரல்விரலாக மேலேறி வந்தது. சாரங் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றைச் சரிசெய்தார், சரியாக இருந்த கயிற்றை.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"எந்திரிச்சாளா?"

"எந்திரிச்சிட்டாம்மா."

மூட்டிலிருந்து மகள் அவிழ்த்துக்கொண்டு வந்த கந்தலை அம்மா வாங்கினாள். "நாளைக்குப் போறப்ப என்னையும் எழுப்பு" என்றாள். கந்தலைப் பிழிந்து உதறி, வெளி ஆணியைத் தாண்டி உள்ளே எடுத்துப்போய், கொடியில் தன் புடவைக்குப் பக்கத்தில் காயப்போட்டாள்.